92 புள்ளி வைனும் தனிப்பனைக் கள்ளும்

எங்கட வீட்டு ஷோகேஸில் பதினொரு வருசமாக ஒரு சிவப்பு வைன் போத்தல் நின்றது. பிரான்ஸில் இருக்கிற சின்ன மாமா ஒருமுறை வந்தபோது கொண்டுவந்தது. கழுத்தில் ஒரு சின்ன ஸ்ரிக்கர்: 92 புள்ளி. விலை அறுபது யூரோ என்று மாமா சொன்னதை, வீட்டுக்கு வாற ஆட்கள் எல்லாருக்கும் அம்மா ஒருக்கா சொல்லிவிடுவா. பிள்ளையாருக்கும் அக்காவின் பட்டமளிப்புப் படத்துக்கும் நடுவில் அதுவும் ஒரு குடும்ப உறுப்பினர்போல நின்றது.

போன வருசம் அக்காவின் கலியாண எழுத்து முடிந்த இரவு அதைத் திறந்தோம். தக்கை பாதியில் உடைந்து உள்ளே விழுந்தது. கிளாஸில் ஊற்றினால் மண்ணிறம். வாயில் வைத்தால் வினாகிரி. ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெரியப்பா மட்டும் கிளாஸை ஆட்டி, மணந்து பார்த்துவிட்டு, "உயர்ந்த சாமான் இப்பிடித்தான் இருக்கும், எங்களுக்குத்தான் பழக்கமில்லை" என்றார். எல்லாரும் தலையாட்டினோம். நானும்தான்.

அந்தத் தலையாட்டலைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கு.

பிழை அந்தப் போத்தலில் இல்லை. தக்கை போட்ட வைனைப் படுக்கவைத்து, குளிர்ச்சியான இருட்டில் வைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் தக்கை காய்ந்து காற்றுப் போகும். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில், கண்ணாடி அலுமாரிக்குள் பதினொரு வருசம் நின்றால் எந்த வைனும் செத்துப்போகும். எனக்குக் கேள்வி வேறு. கெட்டுப்போனதைக் கெட்டுப்போனது என்று சொல்ல ஏன் எங்களில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை? அறுபது யூரோவும் 92 புள்ளியும் எங்கட நாக்குக்கு முதலே தீர்ப்புச் சொல்லிவிட்டன.

முதலில் வைனுக்கு நியாயம் செய்வம். நல்ல சிவப்பு வைன் செய்யச் செலவு இருக்கு. கொடியில் குலைகளைக் குறைத்து விடவேண்டும், கையால் ஆய வேண்டும், ஓக் மரப் பீப்பாய் வாங்க வேண்டும், வருசக்கணக்காக நிலவறையில் வைத்துக் காசை முடக்க வேண்டும். அதனால் ஐந்து யூரோ போத்தலுக்கும் பதினைந்து யூரோ போத்தலுக்கும் வித்தியாசம் இருப்பது நியாயம். ஆனால் அதற்குப் பிறகு விலை ஏறும் வேகத்தில் செலவு ஏறுவதில்லை. அங்கிருந்து நீங்கள் வாங்குவது பெயரையும் தட்டுப்பாட்டையும்.

பிரான்ஸின் பேர்கண்டியில் றொமானே-கொன்ரி என்ற தோட்டம் இருக்கு. மொத்தம் 1.8 ஹெக்டேயர்தான். எங்கட கணக்கில் எழுபது பரப்புச் சொச்சம். அதன் 1945ஆம் ஆண்டுப் போத்தல் ஒன்று 2018இல் நியூயோர்க் ஏலத்தில் 558,000 டொலருக்குப் போனது. அந்த வருசம் செய்ததே 600 போத்தல்தான். இந்த விலையில் நாக்குக்கு ஒரு பங்கும் இல்லை. கையில் வைத்திருக்கிறவனின் கௌரவத்துக்கான விலை அது.

பொர்தோ வைன்களின் தரவரிசைக்கு இன்னும் சுவாரசியமான கதை இருக்கு. 1855இல் பாரிஸ் கண்காட்சிக்காகத் தரகர்கள் அங்குள்ள சிவப்பு வைன் தோட்டங்களை முதலாம் தரத்தில் இருந்து ஐந்தாம் தரம்வரை பிரித்தார்கள். எதை வைத்துப் பிரித்தார்கள்? பெரும்பாலும் அப்போது சந்தையில் போன விலையை வைத்து. விலை தரத்தைக் கொடுத்தது, பிறகு அந்தத் தரமே விலையைக் காப்பாற்றியது. 170 வருசம் ஆகப்போகுது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் கடந்துவிட்டது. இதற்கிடையில் ஒரு தோட்டம் மட்டும்தான் மேலே ஏறியிருக்கு: 1973இல் மூத்தோன் றொத்ஷில்ட், இரண்டாம் தரத்தில் இருந்து முதலாம் தரத்துக்கு. மற்றவை எல்லாம் பிறந்த இடத்திலேயே நிற்கின்றன. பிறப்பால் தரம் என்ற இந்த ஏற்பாடு எங்களுக்குப் பழக்கமான ஒன்றுதானே?

புள்ளிகளின் கதை இதைவிட இளையது. 1978இல் றொபேர்ட் பார்க்கர் என்ற அமெரிக்க வழக்கறிஞர் வைன்களை மதிப்பிட ஒரு பத்திரிகை தொடங்கி, 50 முதல் 100வரை புள்ளி போட ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்து மார்க்ஸ் மாதிரி ஒரு எண் கிடைத்ததும் உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. 89க்கும் 90க்கும் இடையில் கடைக்காரனுக்குப் பெரிய வித்தியாசம். ஓ/எல் பரீட்சையில் 74க்கும் 75க்கும் இடையில் எங்கட அம்மாமாருக்கு இருக்கிற வித்தியாசம் மாதிரி.

ஆனால் புள்ளி போடுகிறவர்களின் நாக்கு எவ்வளவு நிலையானது? கலிபோர்னியாவில் றொபேர்ட் ஹொட்சன் என்றொருவர், ஓய்வுபெற்ற பேராசிரியர், தானே வைன் செய்கிறவர், இதைச் சோதித்துப் பார்த்தார். மாநிலக் கண்காட்சிப் போட்டியின் நடுவர்களுக்கு ஒரே போத்தலில் இருந்து மூன்று முறை, சொல்லாமல், ஊற்றிக் கொடுத்தார். 2008இல் முடிவை வெளியிட்டார். பத்தில் ஒரு நடுவர்தான் மூன்று முறையும் கிட்டத்தட்ட ஒரே புள்ளி போட்டிருந்தார். மற்றவர்களின் புள்ளிகள் நாலு கூட, நாலு குறைய என்று ஆடின. எங்கட ஷோகேஸ் போத்தலின் 92, வேறொரு காலையில் 88 ஆக இருந்திருக்கலாம். அந்த ஸ்ரிக்கரே ஒட்டியிருக்க மாட்டார்கள்.

சாதாரண ஆட்கள்? அதே 2008இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மதிப்பீடுகளை வைத்து இன்னொரு ஆய்வு வந்தது. விலை தெரியாமல் குடித்தவர்கள், சராசரியாகப் பார்த்தால், விலை கூடிய வைனைக் கொஞ்சம் குறைவாகவே விரும்பினார்கள். வைன் பற்றிப் படித்தவர்களிடம் மட்டும் நிலைமை ஓரளவு மாறியது. பயிற்சி என்பது சும்மா இல்லை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்களில் எத்தனை பேரிடம் அந்தப் பயிற்சி இருக்கு?

இதே ஆண்டு வந்த இன்னொரு பரிசோதனைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கலிபோர்னியா ஆய்வாளர்கள் இருபது பேரை மூளை ஸ்கான் இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, குழாயால் வைன் கொடுத்தார்கள். ஒரே வைனை ஒருமுறை 10 டொலர் என்றும் இன்னொருமுறை 90 டொலர் என்றும் சொன்னார்கள். 90 என்று கேட்டபோது, இன்பத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதி கூடுதலாக வேலை செய்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அது கூட நன்றாகத்தான் இருந்திருக்கு.

"அப்பிடியெண்டா விலை குடுத்தது நல்லதுதானே, சந்தோஷம் கிடைக்குதுதானே" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். என்னுடைய பதில் இது: அந்தச் சந்தோஷத்தைப் போத்தலுக்கு வெளியே இருக்கிற ஒருவன் எந்த நேரமும் போலியாகச் செய்யலாம். றூடி குர்ணியவான் என்ற ஆள் கலிபோர்னியாவில் தன் வீட்டிலேயே வைன்களைக் கலந்து, பழைய லேபல் ஒட்டி, பெரிய பணக்காரர்களுக்கு விற்றான். 2012இல் பிடிபட்டு, 2014இல் பத்து வருசத் தண்டனை பெற்றான். அதுவரை எத்தனையோ ரசிகர்கள் அந்தக் கலவையைப் புகழ்ந்து குடித்திருக்கிறார்கள். எங்கட பெரியப்பாவும் அவர்களும் ஒரே வகுப்புத்தான்.

லேபலை மூடினால் என்ன நடக்கும் என்பதற்கு 1976 மே 24 சாட்சி. அன்று ஸ்ரீபன் ஸ்பறியர் என்ற ஆங்கிலேய வைன் வியாபாரி, பாரிஸில் பிரெஞ்சு நடுவர்களை இருத்தி, பிரெஞ்சு வைனையும் கலிபோர்னியா வைனையும் பெயர் மறைத்துக் கொடுத்தார். சிவப்பில் முதலிடம் கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973. இரண்டாமிடம்தான் மூத்தோன் றொத்ஷில்ட் 1970. பரம்பரைப் பெயர் எதுவும் இல்லாத ஒரு புதுத் தோட்டம், பெயரை மூடினபடியால்தான் முன்னுக்கு வந்தது.

இப்ப எங்கட வளவுக்கு வருவம்.

இங்கேயும் ருசி தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தனிப்பனைக் கள்ளு என்று தேடிக் குடிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கோ. பல மரத்துக் கள்ளைக் கலக்காமல், ஒரே பனையில் இறக்கினது. எந்த வளவுப் பனை, ஆண்பனையா பெண்பனையா, காலைக் கள்ளா பின்னேரக் கள்ளா என்று பிரித்துச் சொல்லுவினம். பிரான்ஸில் இதையே மண்ணின் குணம், தனித்தோட்டம் என்று சொல்லி லேபலில் அடித்து நூறு யூரோ வாங்குகிறார்கள். இங்கே பிளாவில் ஊற்றிக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, யாரும் பார்த்தார்களா என்று திரும்பிப் பார்க்கிறோம்.

ஏன் கள்ளுக்கு புள்ளி இல்லை? ஒரு காரணம் எளிது. கள்ளு நிற்காது. மணித்தியாலக் கணக்கில் புளித்துக்கொண்டே போகும். வைத்திருந்து விற்க முடியாததில் ஏலமும் முதலீடும் வளராது.

மற்றக் காரணம் அவ்வளவு எளிதில்லை. மரத்தில் ஏறுகிறவர் யார் என்பது. சீவல் தொழிலைச் செய்தவர்களைச் சாதியின் பெயரால் தள்ளிவைத்த ஊர் இது. தேநீர்க்கடைக்குள் சமமாக இருந்து தேத்தண்ணி குடிக்கவே 1960களில் போராட வேண்டியிருந்தது. அவர்கள் இறக்கின கள்ளை வேண்டிக் குடித்த வீடுகளே அவர்களுக்கு வேறு பேணி வைத்திருந்தன. கள்ளு "கீழான" குடி என்ற எண்ணம் நாக்கில் இருந்து வந்ததில்லை. 1855இல் தரகர்கள் போட்ட பட்டியலைப்போல, வேறொருவர் எழுதி எங்களிடம் தந்தது.

நடுவில் ஒரு இடமும் இருக்கு. கொழும்புத்துறை வீதியில் றோசரியன் கன்னியர் மடத்தில் றொசெற்றோ என்ற வைன் கிடைக்கும். கறுவா, கராம்பு வாசத்தோடு இனிப்பாக இருக்கும். எந்த வைன் விமர்சகரும் அதற்கு 90 போடமாட்டார். ஆனால் நத்தாருக்கு ஒரு சின்னக் கிளாஸ் குடித்துவிட்டு "நல்லாயிருக்கு" என்று சொல்ல யாருக்கும் பெரியப்பாவின் அனுமதி தேவைப்படவில்லை.

நான் குடிக்கச் சொல்லவில்லை. குடியால் உடைந்த குடும்பங்கள் எங்கட ஒழுங்கையிலேயே இருக்கு. குடிக்காமல் விடுகிறவருக்கு எந்தப் போத்தலும் நட்டமில்லை. ஆனால் பனங்கள்ளைக் கண்டால் "குடிகாரர்" என்றும், பொர்தோவைக் கண்டால் "ரசனை" என்றும் சொல்லுகிற அந்த நாக்கை மட்டும் கொஞ்சம் சந்தேகப்படுவம். ஈரலுக்கு லேபல் வாசிக்கத் தெரியாது.

ஆக, விலை கூடின, புள்ளி கூடின சிவப்பு வைன் அந்த விலைக்குத் தகுமா? ஓரளவு விலைவரை தகும். அதற்கு மேலே, நாக்கைப் பயிற்றுவிக்க நேரம் செலவழித்தவருக்குத் தகலாம். மற்ற எங்களுக்குத் தகாது. இலங்கையில் வாங்கினால் விலையில் ஒரு பெரிய துண்டு இறக்குமதித் தீர்வைக்கும் மதுவரிக்கும் போகுது, அதில் சுவை ஒரு சொட்டும் இல்லை.

சின்ன மாமா வாற ஆடி மாதம், நல்லூர்த் திருவிழாவுக்குக் கொஞ்சம் முதல் வாறார். "என்ன கொண்டு வர?" என்று கேட்டார். "பத்து யூரோ போத்தல் காணும் மாமா, வந்த கிழமையே திறப்பம். லேபலில பேப்பர் சுத்திக்கொண்டு வாங்கோ, பெரியப்பாவுக்கு விலை சொல்லக்கூடாது" என்றேன். மாமா சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தனிப்பனைக் கள்ளு கிடைக்குமோடா?" என்று கேட்டார். பாரிஸில் இருபது வருசம் இருந்த மனுசன் கேட்டது அதைத்தான்.

கிடைக்கும். ஒரு நாளைக்கு இரண்டு முறை அந்த மரத்தில் ஏறி இறங்குகிறவரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். இந்த முறை அவர் சொல்லுகிற விலையில் பேரம் பேசுவதில்லை என்றும் நினைத்திருக்கிறேன்.