குக்கர் செத்துப்போச்சா? பொறுங்க பாஸ்!

இந்த வாரம் நம்ம ஆபரேஷன் டேபிளில் படுத்திருக்கும் பேஷன்ட்... எலெக்ட்ரிக் ரைஸ் குக்கர். ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கிறவங்களுக்கு இதுதான் அம்மா, இதுதான் மெஸ். சோறு, நூடுல்ஸ், அவிச்ச முட்டை, பரீட்சை ராத்திரி சுக்குக் காபி எல்லாமே அதுலதான்.

நேத்து வரைக்கும் சமர்த்தா இருந்த குக்கர், இன்னிக்கு பிளக்கைச் சொருகினா மூச்சுப் பேச்சே இல்லை. லைட்டும் எரியலை, சூடும் இல்லை. வேற பிளக் பாயின்ட்டில் போட்டுப் பார்த்தாச்சு, வயரையும் மாத்திப் பார்த்தாச்சு. அப்படின்னா உள்ளே இருக்கும் தெர்மல் ஃபியூஸ் மேலதான் முதல் சந்தேகம். (லைட் எரியுது, சூடு மட்டும் வரலைன்னா அது பெரும்பாலும் சுவிட்ச், காயில் சம்பந்தப்பட்ட வேற கேஸ்!)

குக்கரைக் கடைக்குத் தூக்கிட்டுப் போனா என்ன நடக்கும்? எல்லாக் கடையையும் சொல்லலை. ஆனா சில இடங்களில் அண்ணன் அடிப்பக்கத்தைக் கழற்றி, போன ஃபியூஸை வெட்டி எறிஞ்சிட்டு, ரெண்டு வயரையும் முறுக்கி டேப் சுத்தி, 'டைரக்ட் குடுத்தாச்சு தம்பி, இனிமே பிரச்னையே வராது' என்பார். குக்கரும் ஜம்முனு சோறு வடிக்கும். இந்த வாரம் நான் சண்டை போடப்போறது அந்த 'டைரக்ட்' கூடத்தான்.

முதல்ல மேட்டரைப் புரிஞ்சுக்கங்க. சோறு வெந்ததும் 'டக்'னு சுவிட்ச் மேலே வருதே, அது ஃபியூஸ் வேலை இல்லை. நடுவில் ஸ்பிரிங் வெச்ச குமிழ் மாதிரி ஒண்ணு இருக்கே, அதுக்குள்ள ஒரு காந்தம். தண்ணி இருக்கிற வரைக்கும் பாத்திரம் 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணி வற்றியதும் சூடு ஏறி, 103 டிகிரி வாக்கில் அங்கிருக்கும் ஃபெர்ரைட் தன் காந்தத் தன்மையை இழக்கும். பிடி விட்டுப்போய் சுவிட்ச் டக்! முதல் வருஷ ஃபிஸிக்ஸில் க்யூரி டெம்பரேச்சர்னு ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணோமே, அது தினமும் நமக்குச் சோறு போடுதுங்க!

இந்த சுவிட்ச் என்னிக்காவது சதி பண்ணிட்டா? லீவர் சிக்கிக்கலாம், கான்டாக்ட் பாயின்ட் ஒட்டிக்கலாம். பிளேட்டுக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் ஒரு பருக்கை மாட்டினாலே போதும், சூடு சரியாப் போய்ச் சேராது. பிளேட் மட்டும் காய்ஞ்சுக்கிட்டே இருக்கும். அப்போ வீட்டு எம்.சி.பி. காப்பாத்தும்னு நினைச்சீங்கன்னா, ஸாரி. 700 வாட்ஸ் குக்கர் நம்ம 230 வோல்ட்டில் இழுப்பது சுமார் 3 ஆம்பியர். பிளேட் 100 டிகிரியில் இருந்தாலும் 300 டிகிரிக்குப் போனாலும் கிட்டத்தட்ட அதே 3 ஆம்பியர்தான். எம்.சி.பி.க்குத் தெரிஞ்சது கரன்ட் மட்டும்தான். சூடு அதுக்குத் தெரியாது. லீக்கேஜ் இல்லாததால் ஈ.எல்.சி.பி.யும் தூங்கும். அந்த நேரத்தில் முழிச்சிருக்கிற ஒரே ஆள் தெர்மல் ஃபியூஸ். சுண்டு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய உலோகக் குழாய். உள்ளே மெழுகு மாதிரி ஒரு வில்லை ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிச்சிருக்கும். குறிப்பிட்ட சூட்டில் வில்லை உருகும், ஸ்பிரிங் விரியும், லைன் கட். அப்புறம் அது உயிரோட வராது.

'டைரக்ட்' கொடுத்த குக்கர்ல இந்த ஆள் இல்லை. சாதத்தை வெச்சிட்டுக் குளிக்கப் போவீங்க, இல்லைன்னா தூங்கிடுவீங்க. பக்கத்தில் பாய், தலையணை, துணி...

சரி, மாத்துவோம். பிளக்கைப் பிடுங்குங்க. சுவிட்சை ஆஃப் பண்ணினாப் போதாது, பிடுங்கணும். நல்லா ஆறட்டும். கவிழ்த்து அடி மூடியின் ஸ்குரூவைக் கழற்றுங்க. எந்த வயர் எங்கே போகுதுன்னு செல்போனில் ஒரு போட்டோ. லைன் வயரில், வெள்ளைத் துணிக் குழாய் மாதிரி ஒரு ஸ்லீவ் தெரியும். அதுக்குள்ளதான் நம்மாளு. வயரை ஒரு பக்கம் கழற்றிட்டு, மல்ட்டிமீட்டரை கன்டினியூட்டியில் வெச்சு ரெண்டு முனையிலும் தொடுங்க. 'பீப்' வந்தா ஃபியூஸ் நல்லாத்தான் இருக்கு, வேற இடத்தில் தேடுங்க. சத்தம் இல்லைன்னா, ஆள் காலி.

புதுசு வாங்கும்போதுதான் கவனம். பழசு மேலேயே டிகிரி, ஆம்பியர், வோல்ட் எழுதியிருக்கும். அதே நம்பர் வேணும். 'இது கொஞ்சம் கூட டிகிரி தம்பி, நல்லா உழைக்கும்'னு கடைக்காரர் நீட்டினா, நைஸா நழுவிடுங்க. கூடின டிகிரின்னா காவல்காரன் லேட்டா முழிப்பான்னு அர்த்தம். சென்னைவாசிகளுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கு, மத்த ஊரில் எலெக்ட்ரானிக்ஸ் ஸ்பேர்ஸ் கடையில் கேளுங்க. ஒரு டீ, ரெண்டு வடைக் காசுதான்.

அடுத்தது, லேபில் சால்டரிங் அயர்ன் பிடிச்சுப் பழகின கை சும்மா இருக்காது. ஆனா இங்கே சால்டரிங் நோ! அயர்ன் முனை 300 டிகிரிக்கு மேல இருக்கும். அந்தச் சூடு கம்பி வழியா இறங்கி, புது ஃபியூஸை மாட்டும்போதே கொன்னுடும். தப்பிப் பிழைச்சாலும், சாதாரண ஈயம் 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். ஜாயின்ட் கழண்டா வம்பு. அதனால் உலோகக் கிரிம்ப் போட்டு கட்டிங் பிளேயரால் நல்லா நசுக்குங்க, இழுத்துப் பார்த்தா அசையக் கூடாது. கம்பியை ஃபியூஸ் உடம்பை ஒட்டி மடக்காதீங்க, கொஞ்சம் தள்ளி மடக்கணும். ஃபியூஸின் உலோக உடம்பிலும் கரன்ட் இருக்கும், அதனால் ஃபைபர் கிளாஸ் ஸ்லீவ் கட்டாயம். கறுப்பு இன்சுலேஷன் டேப் அந்தச் சூட்டில் உருகி வழிஞ்சிடும். கடைசியா, பழசை எந்த கிளிப்பில் பிடிச்சு வெச்சிருந்தாங்களோ அங்கேயே புதுசையும் வைங்க. அந்தரத்தில் தொங்கினா சூடு அதுக்கு எப்படித் தெரியும்?

மூடும் முன்னாடி பழசு ஏன் போச்சுன்னு பாருங்க. லீவரை நாலு தடவை அமுக்கி விடுங்க, ஃப்ரீயா வருதா? நடுக் குமிழ் ஸ்பிரிங்கில் துள்ளுதா? பிளேட்டில் கருகின பருக்கை, பாத்திர அடியில் ஒடுக்கு? இதையெல்லாம் பார்க்காம மூடினா, புது ஃபியூஸும் சீக்கிரமே அதே வழியில் போகும். பழைய குக்கரில் வயசாகியும் போயிருக்கலாம், அது இயற்கை மரணம்!

மூடியாச்சா? பிளக்கைச் சொருகும் முன் மறுபடி மீட்டர். பிளக்கின் பெரிய பின்னுக்கும் குக்கரின் உலோக உடம்புக்கும் கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம் வரணும். மத்த ரெண்டு பின்னுக்கும் உடம்புக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. உள் பாத்திரத்தை வெச்சு சுவிட்சை அமுக்கி, அந்த ரெண்டு பின்னுக்கு நடுவில் பார்த்தா 700 வாட்ஸ் குக்கருக்கு சுமார் 75 ஓம். முதல் தடவை அரை டம்ளர் தண்ணி மட்டும் ஊத்தி, வத்தி 'டக்' கேட்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்காருங்க.

கேக் சுடும் ஓ.டி.ஜி.யில் தெர்மல் ஃபியூஸ் இருந்தாலும் இதே கதைதான். ஆனா மைக்ரோவேவ் அவனை மட்டும் தொடாதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே கெபாசிட்டரில் ஆளையே கொல்லும் ஹை வோல்டேஜ் தங்கியிருக்கும். அதுக்கு அனுபவப்பட்ட மெக்கானிக்தான். அவர்கிட்டேயும் 'டைரக்ட் வேண்டாம்ணே'ன்னு மறக்காமச் சொல்லிடுங்க.

அடுத்த வாரம் மிக்ஸி. தேய்ஞ்ச கப்ளரைத் தூக்கிப் போடாம எடுத்து வைங்க!