விண்ணில் ஒரு விந்தை. பல்சக்கரத்தில் ஒரு விரிசல்!

பாதி ஹெலிகாப்டர், பாதி விமானம்: 'ஆஸ்ப்ரே'யின் கதை

2023-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி பிற்பகல். ஜப்பானில் கியூஷுவுக்குத் தெற்கே உள்ள யாகுஷிமா தீவை நோக்கி ஒரு அமெரிக்க ராணுவ விமானம் வந்துகொண்டிருந்தது. இவாகுனி தளத்திலிருந்து புறப்பட்டு ஒகினாவாவிலுள்ள கடேனா தளத்துக்குப் போகவேண்டிய விமானம் அது. உள்ளே எட்டுப் பேர். தீவின் விமான நிலையத்தில் இறங்கச் சிறிது நேரமே இருந்தபோது விமானம் திடீரென்று புரண்டது. தீப்பற்றிக் கடலில் விழுந்தது. மீனவர்கள் படகுகளில் விரைந்தார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை.

அந்த விமானத்தின் பெயர் 'ஆஸ்ப்ரே'. ஆங்கிலத்தில் இது மீனைக் கண்டதும் நீரில் பாய்ந்து பிடிக்கும் பறவையின் பெயர். நம் ஊரில் அதை விராலடிப்பான் என்பார்கள். நின்ற இடத்திலிருந்தே மேலெழும்; நினைத்த இடத்தில் இறங்கும்; இடையில் அம்பு போலப் பறக்கும். பெயர் பொருத்தமானதுதான். ஆனால் சோதனைக் காலம் முதல் இதுவரை அறுபதுக்கு மேற்பட்டவர்கள் இதன் விபத்துக்களில் மாண்டிருக்கிறார்கள்.

பாலைவனத்தில் பிறந்த யோசனை

இப்படி ஒரு விமானம் ஏன் தேவைப்பட்டது?

1980-ல் ஈரானில் பிணைக்கைதிகளாக இருந்த அமெரிக்கர்களை மீட்க ஒரு படை போயிற்று. பாலைவனப் புழுதியில் ஹெலிகாப்டர்கள் பழுதாயின. முயற்சியைக் கைவிட்டுத் திரும்பும் நேரத்தில் ஹெலிகாப்டர் ஒன்று விமானத்தோடு மோதி எட்டுப் பேர் இறந்தனர். ஹெலிகாப்டரைப் போல் இறங்கவும், விமானத்தைப் போல் தொலைதூரம் பறக்கவும் வல்ல ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அப்போது வலுத்தது.

பெல், போயிங் ஆகிய இரு கம்பெனிகளும் சேர்ந்து அதைச் செய்தன. 1989-ல் ஆஸ்ப்ரே முதன் முதலாகப் பறந்தது. அதன் இறக்கைகளின் இரு நுனியிலும் பெரிய என்ஜின்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் ராட்சத விசிறி சுழலும். என்ஜின் நிமிர்ந்து நின்றால் அது ஹெலிகாப்டர். முன்புறம் சாய்ந்தால் விமானம். 24 சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும்.

செலவு மிக அதிகம் என்று அன்றைய ராணுவ மந்திரி டிக் செனி திட்டத்தையே நிறுத்தப் பார்த்தார். அமெரிக்கக் காங்கிரஸ் சபை விடவில்லை. பணம் ஒதுக்கிக்கொண்டே இருந்தது.

முப்பது உயிர்கள்

1992-ல் வாஷிங்டனுக்கு அருகே பொடாமக் நதியில் ஒரு ஆஸ்ப்ரே விழுந்து ஏழு பேர் இறந்தனர். 2000-ம் ஆண்டு ஏப்ரலில் அரிசோனாவில் இரவுப் பயிற்சியின்போது ஒன்று கவிழ்ந்து 19 மரீன் படையினர் மாண்டனர். அதே ஆண்டு டிசம்பரில் வட கரோலினாவில் மேலும் நால்வர். படையில் முறையாகச் சேருமுன்பே முப்பது உயிர்கள் போயின!

அரிசோனாவில் நடந்தது என்ன? விசிறி காற்றைக் கீழே தள்ளுவதால்தான் விமானம் மேலே நிற்கிறது. முன்னோக்கிய வேகம் குறைவாக இருக்கும்போது மிக விரைவாகக் கீழிறங்கினால், தான் தள்ளிய காற்றுச் சுழலிலேயே விசிறி சிக்கிக்கொள்ளும். தாங்கும் சக்தி போய்விடும். எந்த ஹெலிகாப்டருக்கும் இந்த ஆபத்து உண்டு. ஆனால் ஆஸ்ப்ரேக்கு விசிறிகள் இரண்டு. ஒரு பக்கம் மட்டும் சக்தி இழந்தால் விமானம் குப்புறக் கவிழ்ந்துவிடும்.

பழி விமானிகள் மீது விழுந்தது. அவர்கள் குடும்பத்தினர் பல ஆண்டுகள் போராடினார்கள். 2016-ல்தான், அந்தத் துயரத்துக்கு விமானிகளையே முதற்காரணமாகக் காட்டியது சரியல்ல என்று ராணுவத் துணை மந்திரி ராபர்ட் வொர்க் ஒப்புக்கொண்டார். இறந்தவர்கள் மீதிருந்த களங்கம் நீங்கப் பதினாறு ஆண்டுகள் ஆயின!

இதற்கிடையே இன்னொரு வெட்கக்கேடும் நடந்தது. விமானப் பராமரிப்புக் கணக்குகளைப் பொய்யாக எழுதும்படி ஊழியர்களிடம் சொன்னதாக எழுந்த புகாரில், 2001-ல் ஆஸ்ப்ரே படைப்பிரிவின் தலைவர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார்.

தெரிந்தே இருந்த குறைகள்

பல திருத்தங்களுக்குப் பின் 2007-ல் ஆஸ்ப்ரே படையில் சேர்ந்தது. இராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் பறந்தது. 'இதன் வேலையைச் செய்ய வேறு விமானம் கிடையாது' என்பது இதை ஓட்டுகிறவர்களின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. எல்லா விபத்துக்கும் இயந்திரமே காரணம் என்றும் சொல்லமுடியாது. 2022 மார்ச்சில் நார்வே மலைகளிடையே நால்வர் இறந்த விபத்துக்கு, மிகத் தாழ்வாகப் பறந்ததே காரணம் என்று விசாரணை கூறியது.

ஆனால் அதே ஆண்டு ஜூனில் கலிபோர்னியாவில் ஐந்து பேர் இறந்த விபத்து வேறு விதமானது. என்ஜினின் சக்தியை விசிறிக்குக் கொண்டுபோகும் கிளட்ச் சில சமயம் வழுக்கும். பிறகு திடீரென்று பலமாகப் பற்றிக்கொள்ளும். அந்த அதிர்ச்சியை இயந்திரம் தாங்காது. விமானிகளிடம் எந்தத் தவறும் இல்லை. அவர்களால் தடுத்திருக்கவே முடியாது என்று விசாரணை அறிக்கை சொல்லிற்று. கிளட்ச் இப்படி நடந்துகொள்வது 2010 முதலே தெரிந்த விஷயம்!

யாகுஷிமா விபத்திலும் அப்படித்தான். இடதுபுறப் பல்சக்கரப் பெட்டியில் ஒரு சக்கரம் விரிசல் கண்டு உடைந்தது. வார்ப்பில் தூய்மைக் குறைவு இருந்தால் அத்தகைய எஃகில் விரிசல் பிறக்க இடமுண்டு. ஒரு என்ஜின் நின்றால் மற்றொன்றே இரண்டு விசிறிகளையும் சுற்ற ஏற்பாடு இருக்கிறது. பல்சக்கரப் பெட்டியே நொறுங்கினால்? அதற்கு மாற்று ஏற்பாடு இல்லை.

எண்ணெயில் உலோகத் துகள் கலந்தால் விமானிக்கு எச்சரிக்கை விளக்கு எரியும். அன்று ஆறு முறை எரிந்தது. முதல் ஐந்து முறையும் துகளை மின்சாரத்தால் எரித்துவிட முடிந்தது. ஆறாவது முடியவில்லை. எப்போது இறங்குவது என்பதை விதிகள் பெரிதும் விமானியின் யோசனைக்கே விட்டிருந்தன. அவர் பயணத்தைத் தொடர்ந்தார். விசாரணை அறிக்கை அந்த முடிவையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டது. அதோடு நிற்கவில்லை. பல்சக்கரப் பெட்டியின் ஆபத்து எவ்வளவு பெரியது என்பது, திட்ட அலுவலகத்துக்கும் படைகளுக்கும் இடையே போதிய ஒத்துழைப்பு இல்லாததால், பறக்கிறவர்களுக்கு முழுமையாகத் தெரியாமல் போயிற்று என்றும் சொல்லிற்று.

விளக்கு ஆறு முறை பேசியது. அதன் மொழியை விமானிக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியவர்கள் வாய் திறக்கவில்லை!

கூரைக்கு மேலே

விபத்துக்குப் பின் ஆஸ்ப்ரேக்கள் எல்லாம் மூன்று மாதங்கள் தரையிலேயே நின்றன. 2024 மார்ச்சில், இறங்கத்தக்க விமான நிலையத்திலிருந்து அரை மணி நேரப் பயணத்துக்கு அப்பால் போகக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடு மீண்டும் பறந்தன. மும்முறை உருக்கித் தூய்மை செய்த எஃகுச் சக்கரங்களைப் பொருத்தத் திட்டமிட்டிருக்கிறார்கள். எல்லா விமானங்களுக்கும் மாற்றி முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். குறைகளைக் கண்டறிந்தும் தீர்ப்பதில் தாமதம் என்று அமெரிக்கக் காங்கிரஸின் தணிக்கை அலுவலகம் 2025 டிசம்பரில் குறை கூறியது.

இது அமெரிக்கச் சிப்பாய்களின் கவலை மட்டுமா? ஒகினாவாவில் கினோவான் நகரின் நடுவே இருக்கிறது ஃபுடென்மா விமான தளம். சுற்றிலும் வீடுகள், பள்ளிக்கூடங்கள். 2012-ல் ஆஸ்ப்ரே அங்கே வருமுன்பே மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். அமெரிக்காவைத் தவிர இதை வாங்கியிருக்கும் ஒரே நாடு ஜப்பான்தான்.

அமெரிக்கத் தரைப்படை 2022-ல் புதிய ரகம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. அதில் என்ஜின் சாயாது. விசிறி மட்டுமே சாயும். நல்ல முன்னேற்றம். ஆனால் பல இயந்திரங்கள் உடையுமுன் ஏதாவது ஒரு வகையில் சொல்லிவிட்டுத்தான் உடைகின்றன. அதைக் கேட்டவர்கள் உரியவரிடம் உடனே சொல்லவேண்டும். அந்த ஒழுக்கம் வராவிட்டால், புதிய விமானமும் பழைய கதையையே சொல்லும்.