புள்ளி போனால் என்ன?

ஹியூகோவில் வலைப்பதிவு தொடங்குகிறவர்கள் தீமுக்கும் டார்க் மோடுக்கும் மாசக்கணக்கில் மெனக்கெடுவார்கள். முகவரியை யார் பார்க்கிறா? நான் பார்க்கிறேன். 'ரிமூவ்பாத்அக்சென்ட்ஸ்' என்ற அமைப்பு பிரெஞ்சு போன்ற மொழிகளின் மேற்குறிகளைக் களைவதற்கானது. சுத்தமான முகவரி ஆசையில் அதை 'ட்ரூ' ஆக்கினால், கோப்புப் பெயரிலுள்ள நம் புள்ளியையும் களையெடுத்துவிடும். கொடைக்கானல் 'கொடைககானல' ஆகும். பழனி தப்பிக்கும், முருகன் அருளெல்லாம் இல்லை, யூனிகோடு இகரக் குறியை வேறு வகையில் சேர்த்திருக்கிறது. (ஈகாரக் குறி தப்பாது!)

'இங்கிலீஷ்ல வைச்சுக்கோ, பிரச்சினையே இல்ல' என்கிறார்கள். ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதுவதா பிரச்சினை? 'ஃபால்ஸ்' என்று ஒரு சொல்லை மாற்றினால் போதுமே. தமிழ் முகவரியை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறிகளாக நீளும் என்பார்கள். உண்மைதான், கொடைக்கானலின் 11 குறியீடுகளுக்கு 99 எழுத்து. நீளட்டும்.