பள்ளிவாசலிட்ட மட்டும் ஏன் வயசு கேக்கிறம்?

குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள்: நாகபூசணி அம்மன் கோயில், நாகவிகாரை. நாங்களும் அப்பிடித்தான் போய் வந்தனாங்கள். அதே தீவில் ஒரு பள்ளிவாசலும் முஸ்லிம் சனமும் இருக்கு எண்டு சொன்னால் எங்கட ஆக்களிட்ட இருந்து வாற முதல் கேள்வி: "அவை எப்ப வந்தவை?"

இந்தக் கேள்வி ஒண்டும் அப்பாவிக் கேள்வி இல்லை. தீவுக்கு உரிமை கோர ஒரு பக்கம் மணிமேகலையின் மணிபல்லவத்தை விரிக்கினம், மற்றப் பக்கம் மகாவம்சத்தை விரிக்கினம். பள்ளிவாசலுக்குக் காப்பியம் இல்லை. அதனால் அது மட்டும் வயதுச் சான்றிதழோடு வரவேணுமாம்.

நாங்களும் முதலில் அந்தச் சான்றிதழைத்தான் தேடினோம். நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. ஊராத்துறைக்கு வரும் பரதேசி வணிகரைப் பாதுகாக்கச் சொல்கிறது அது. யானை, குதிரை கொண்டு வந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவருக்கு. வணிகச் சரக்குக் கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. குதிரை வணிகத்தில் அரபிகள் இருந்தார்கள். ஆகவே அந்தப் பரதேசிகளில் சோனகரும் இருந்திருப்பினம் எண்டு வாதாட எங்களுக்கும் ஆசைதான். ஆனால் வந்தவரின் மதத்தைக் கல்வெட்டு சொல்லவில்லை. சொல்லியிருந்தால்தான் என்ன? மூன்று தலைமுறைக்கு முன் வந்தவனுக்கு ஊரில் அரைப்பங்கு உரிமைதான் எண்டு ஆர் சொன்னது?

பழமை ஒரு சமூகத்தைக் காப்பாத்தும் எண்டால் யாழ்ப்பாணச் சோனகதெருவைக் காப்பாத்தியிருக்க வேணும். 1990 ஒக்டோபர் 30 அன்று அங்கிருந்த சனத்தை விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள். அந்த மாதத்தில் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். அண்டைக்கு ஒருத்தரும் காணி உறுதியை விரிச்சுப் பார்த்து, "நீங்கள் பழைய ஆக்கள், இருங்கோ" எண்டு சொல்லேல்லை. எங்கட பெயராலதான் அது நடந்தது. எங்களில் பலர் அப்ப பிறக்கவே இல்லை. எண்டாலும் "எப்ப வந்தவை" எண்ட கேள்வியை நாங்கள் முதுசமாய் வாங்கி வைச்சிருக்கிறம்.

குருந்தூர்மலையில் தொல்லியல் திணைக்களம் நிலத்தைத் தோண்டி "இது ஆற்றை இடம்?" எண்டு கேக்கேக்கை எங்களுக்குக் கொதிக்குது. கொதிக்கத்தான் வேணும். அதே கேள்வியைத்தானே நாங்கள் பள்ளிவாசலைப் பார்த்துக் கேக்கிறம்? எங்களுக்கு அநியாயமாய்ப் படுறது அவைக்கு மட்டும் எப்பிடி நியாயமாகும்?

அப்ப வரலாறு தேவையில்லையா? தேவை. குடியிருக்க அனுமதிச் சீட்டாக இல்லை, ஊரின் நினைவாகத் தேவை. பள்ளியை ஆர் கட்டினவை, கிணறு ஆர் வெட்டினது, மையவாடியில் ஆர் உறங்குகினம், பெருநாளுக்கு எந்த வீடுகளுக்குச் சாப்பாடு போச்சுது, ஆர் ஊரைவிட்டுப் போச்சினம், ஆர் இன்னும் இருக்கினம் — இதெல்லாம் அங்குள்ள மூத்தவர்களின் வாயில்தான் இருக்கும். அவர்கள் போனால் அதுவும் போய்விடும். அடுத்த ஊர் மலர் போடுறவை, கோயில் பக்கங்களுக்குப் பிறகு ஒரு மூலையில் நாலு வரி போடாமல், அவர்களையே எழுதச் சொல்லிக் கேளுங்கோ.

அடுத்த முறை படகால் இறங்கினால் நாங்கள் பள்ளிவாசல் பக்கமும் நடக்கப் போறம். கொப்பியும் பேனையும் கொண்டு போவம். வயசு கேக்கமாட்டம்.