திரையில் தெரியும் மண்ணுக்கு யார் பொறுப்பு?

பாரி-ரூபே பந்தயத்துக்கு முந்தைய நாள்களில் வீரர்கள் வடபிரான்சின் கல்பாவிய சாலைகளுக்குச் சென்று ஓட்டிப் பார்ப்பது வழக்கம். சுமார் 260 கிலோமீட்டர் பந்தயத்தில் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் கல்சாலை. அந்தக் கற்களுக்காகவே அகலமான டயர் தேர்வாகிறது; காற்றழுத்தம் குறைக்கப்படுகிறது. தவறாகத் தேர்ந்தவரை அவருடைய உள்ளங்கையே தண்டித்துவிடும். அங்கே நிலம் முதலில் இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்க்க எவருக்கும் தடையில்லை. கருவி அதற்குப் பின் வருகிறது.

ஸ்விஃப்ட் போன்ற மெய்நிகர் மிதிவண்டித் தளங்களில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. வீட்டு அறையில் டிரெய்னரில் பூட்டிய வண்டியை ஒருவர் மிதிக்கிறார். அவர் செலுத்தும் திறன் வாட் கணக்கில் அளக்கப்படுகிறது. அந்த எண்ணோடு அவர் பதிவுசெய்த எடையையும் உயரத்தையும் சேர்த்து மென்பொருள் வேகத்தைக் கணக்கிடுகிறது. அறையில் நிற்கும் வண்டி எத்தனை இலட்சம் விலை என்பது அந்தக் கணக்கில் நுழைவதே இல்லை. திரையில் இருக்கும் வண்டி நுழைகிறது. வாட்டோபியா என்னும் தீவின் காட்டுப்பாதையில் ரோடு பைக்கில் வந்தவர் மண்ணைத் தொட்டதும் வேகமிழக்கிறார். கிராவல் பைக்கோ மவுண்டன் பைக்கோ தேர்ந்தவர் அவரை முந்துகிறார். அந்த மண்ணில் ஒரு துகள்கூட இல்லை.

இதைக் குறித்துப் பொதுவாக எழும் கருத்துகள் இரண்டு. ‘இது வெறும் விளையாட்டு, இல்லாத மண்ணுக்கு எந்த வண்டி ஏற்றது என்பதில் ஆராய என்ன இருக்கிறது’ என்பது ஒன்று. ‘உள்ளே இயங்குவது உண்மையான இயற்பியல், எனவே இதுவும் ஒரு நிலமே’ என்பது மற்றொன்று. ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அந்த மண்ணை எழுதியவர் யார், அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை இரண்டுமே எழவிடுவதில்லை.

முதலில் எண்களைப் பார்க்க வேண்டும். சமதளத்தில் ஓடும் வண்டியைத் தடுப்பவை முதன்மையாகக் காற்றும் டயரின் உருளல் எதிர்ப்பும். உருளல் எதிர்ப்பை ஒரு சிறு கெழு தீர்மானிக்கிறது. ஸ்விஃப்டில் தார்ச்சாலையில் ரோடு பைக்குக்கு இது சுமார் 0.004, மண்பாதையில் அதே வண்டிக்குச் சுமார் 0.025. கிராவல் பைக்குக்குத் தாரில் சுமார் 0.008, மண்ணில் சுமார் 0.018. வண்டியோடு சேர்த்து 83 கிலோ எடையுள்ள ஒருவர் விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். ரோடு பைக்கில் உருளல் எதிர்ப்பைக் கடக்க மட்டும் அவர் தாரில் 26 வாட் செலவிடுகிறார். மண்ணில் ஏறத்தாழ 163 வாட். கிராவல் பைக்கில் அதே செலவு தாரில் 52, மண்ணில் 117. காற்றுத்தடையிலும் எடையிலும் வண்டிகளுக்குள்ள வேறுபாட்டை ஒதுக்கிவிட்டால், பாதையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மண்ணாக இருக்கும்போது கிராவல் பைக் இலாபம், அதற்குக் கீழ் நட்டம் என்ற முடிவு கிடைக்கிறது. இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர் பந்தயத்துக்கு முன்பே பாதி வென்றுவிடுகிறார்.

இயற்பியல் பாடநூலிலும் இதே சமன்பாடுதான் இருக்கிறது, இதில் மறைப்பதற்கு என்ன உண்டு என்று கேட்கலாம். சமன்பாடு ஒன்றேதான், ஆனால் எண்ணின் தகுதி வேறு. ஆய்வகத்தில் 0.004 என்பது அளந்து கண்ட எண். டயர் ஏற்கனவே இருக்கிறது, தளமும் இருக்கிறது. அளவீடு பிழையானால் அவை அதைப் பொய்யாக்கும். வாட்டோபியாவில் 0.025 என்பது எதையும் அளந்த எண் அன்று. அந்த எண்தான் அங்கே மண். ஜான் சேர்ல் 1969-இல் வெளியிட்ட பேச்சுச் செயல்கள் பற்றிய நூலில் விதிகளை இரண்டாகப் பிரித்தார்: ஏற்கனவே உள்ள நடத்தையை ஒழுங்குபடுத்தும் விதி, நடத்தையையே உண்டாக்கும் விதி. சாலையில் இடப்புறம் செல் என்பது முதல் வகை. சதுரங்கத்தில் குதிரை எப்படி நகரும் என்பது இரண்டாம் வகை. அந்த விதியை நீக்கினால் மிஞ்சுவது ஒரு மரத்துண்டு. மெய்நிகர் நிலம் முழுக்கவே இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பழுப்பு நிறமும் மரங்களும் அந்த விதியின்மேல் வரைந்த ஓவியம். ஓவியத்தைத் தொடாமலே எண்ணை மாற்றலாம். எண்ணைத் தொடாமலே ஓவியத்தை மாற்றலாம். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. வாட்டோபியாவில் முதற்பொருள் சூத்திரம். நிலம் அதற்குப் பின் வந்து சேர்வது.

ஆகவே அங்கே கருவியைத் தேர்வது நிலத்துக்கு உடல் தரும் மறுமொழி என்பதைவிட, ஒருவர் எழுதிவைத்த பனுவலை வாசிப்பதற்கே நெருக்கமானது. அந்தப் பனுவலை எல்லாரும் ஒரே அளவில் வாசிக்க முடிகிறதா? தளத்தின் கடையில் வண்டிகளின் எடையும் காற்றுத்தடையும் நீண்ட காலம் நான்கு நட்சத்திர அளவுகோலில் காட்டப்பட்டு வந்தன. ஒரே எண்ணிக்கை நட்சத்திரங்கள் பெற்ற இரு வண்டிகளுள் எது எத்தனை விநாடி வேகமானது என்பதைத் தன்னார்வலர்கள் நிலையான வாட் அளவில் மீண்டும் மீண்டும் ஓடவிட்டு, நேரம் குறித்துக் கண்டறிந்தார்கள். அந்த உழைப்பு பாராட்டுக்குரியது. ஆனால் விதியை எழுதியவர்கள் இருக்கும்போதே, அதை இயற்கையின் இரகசியம்போலச் சோதனை செய்து கண்டுபிடிக்க வேண்டியிருப்பது பாராட்டுக்குரியதன்று.

‘வெறும் விளையாட்டு’ என்போர் 2019-ஐ மறந்துவிடுகிறார்கள். அவ்வாண்டு பிரிட்டனின் முதலாவது தேசிய மெய்நிகர் சாம்பியன் பட்டத்தை வென்ற கேமரன் ஜெஃபர்ஸிடமிருந்து அந்தப் பட்டத்தை பிரிட்டிஷ் சைக்கிளிங் அமைப்பு பறித்தது. 250 பவுண்டு அபராதமும் ஆறு மாதத் தடையும் விதித்தது. பந்தய நாளில் அவர் மிதித்த திறன் அங்கே குற்றச்சாட்டாக இல்லை. திரையில் அவர் ஓட்டிய வண்டியைப் பெற்ற முறையே குற்றம். டிரான் பைக் என்று வழங்கப்படும் அந்த வண்டியைப் பெற மெய்நிகர் மலைகளில் மொத்தம் 50,000 மீட்டர் ஏறியிருக்க வேண்டும்; அவர் மனிதக் கால்களுக்குப் பதிலாக ஒரு நிரலை ஏறவிட்டார். தண்டனை நியாயமே. ஆனால் அந்தத் தீர்ப்பில் ஓர் ஒப்புதல் அடங்கியிருக்கிறது: இல்லாத வண்டி, உண்மையான பட்டத்தைத் தீர்மானிக்கும் கருவி. அப்படியானால் அடுத்த கேள்வியும் எழுந்திருக்க வேண்டும். தேசியப் பட்டத்துக்கான பந்தயத்தில் அனுகூலம் தரும் ஒரு கருவி, 1,036 மீட்டர் உயரமுள்ள ஆல்ப் டு ஸ்விஃப்ட் மலையை ஏறத்தாழ 48 முறை ஏறியவருக்கு மட்டுமே கிடைக்குமாறு பூட்டப்பட்டிருந்தது ஏன்? பூட்டை உடைத்தவர் விசாரிக்கப்பட்டார், பூட்டு விசாரிக்கப்படவில்லை.

‘எண் எல்லாருக்கும் ஒன்றே, எனவே அநீதி இல்லை’ என்ற மறுப்பு வலுவானதுபோல் ஒலிக்கும். அது எல்லா உடலுக்கும் ஒரே விளைவைத் தருவதில்லை. 60 கிலோ எடையுள்ளவரும் 80 கிலோ எடையுள்ளவரும் கிலோவுக்கு 4 வாட் வீதம் மிதிப்பதாகக் கொள்வோம். முன்னவர் தருவது 240 வாட், பின்னவர் தருவது 320. காற்றுத்தடை எடைக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை என்பதால், சமதளத் தார்ச்சாலையில் கனமானவர் தெளிவாக முந்துவார். உருளல் எதிர்ப்போ எடைக்கு நேர்விகிதத்தில் ஏறும். மண்ணில், முன் சொன்ன வேகத்தில், ரோடு பைக் ஓட்டும் இருவருமே கிலோவுக்கு 2 வாட்டுக்கு மேல் மண்ணுக்கே கொடுத்துவிடுகிறார்கள். கனமானவரின் அனுகூலம் சுருங்குகிறது. கெழு 0.025-இலிருந்து கூடினால் ஓர் உடலுக்கு இலாபம். குறைந்தால் மற்றோர் உடலுக்கு இலாபம். இயற்கை நிலத்தில் இந்தச் சாய்வுக்கு எவரும் பொறுப்பில்லை. கல்சாலையிடம் விளக்கம் கேட்க முடியாது. எழுதப்பட்ட நிலத்தில் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

ஏற்றத்தின் கதை இன்னும் விசித்திரமானது. டிரெய்னர் கடினம் என்னும் ஓர் அமைப்பு இயல்பாக 50 விழுக்காட்டில் இருக்கும். அந்நிலையில் 10 விழுக்காட்டு ஏற்றம் காலுக்கு 5 விழுக்காடாகவே உணரப்படும். மலை ஏறத் தேவைப்படும் ஆற்றல் குறைவதில்லை. அதே வாட்டுக்கு அதே வேகம்தான். மாறுவது பல்சக்கரத் தேர்வு. உண்மையான மலையில் சிறிய கியர் இல்லாதவர் முழங்காலைத் தேய்த்துக்கொள்வார். இங்கே அமைப்பைத் தளர்த்திவிட்டால் அந்தக் கியரே தேவைப்படாது. 2023-இல் இது மேலும் ஒரு படி சென்றது: 14 பற்கள் கொண்ட ஒற்றைப் பல்சக்கரத்தைப் பொருத்திக்கொண்டு 24 மெய்நிகர் கியர்களை மாற்றும் முறை வந்தது. புதியவர்களின் செலவையும் சிரமத்தையும் இது குறைத்தது. அதைக் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் இப்போது மலையும் கியரும் ஒரே மென்பொருளின் இரண்டு பத்திகள். நிலத்துக்கும் கருவிக்கும் இடையே சாட்சியாக நின்ற கடைசி இரும்புத்துண்டும் விலகிக்கொண்டது.

நிறுவனம் தன் பந்தயங்களைத் தன் விருப்பப்படி நடத்தட்டும். அது அதன் வணிகம். 2020 டிசம்பரில் சர்வதேச மிதிவண்டி ஒன்றியம் முதலாவது மெய்நிகர் உலக சாம்பியன்ஷிப்பை வாட்டோபியாவில் நடத்தி, ஜேசன் ஆஸ்போர்னுக்கும் ஆஷ்லி மூல்மன்-பாசியோவுக்கும் வானவில் ஜெர்சியை அணிவித்தது. அன்றிலிருந்து அந்த மண் தனியார் மண்ணாக மட்டும் இருக்க முடியாது. சாலைப் பந்தயத்தில் வண்டியின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது அதே ஒன்றியத்தின் விதி. சிலருக்கு அது பிடிக்கவில்லை. பல ஆண்டுகளாக வாதிடுகிறார்கள். வாதிட முடிகிறது என்பதே அந்த விதியின் தகுதி. அது அச்சில் இருக்கிறது. ஒரு தராசு இருந்தால் எவரும் சரிபார்க்கலாம்.

மெய்நிகர் நிலத்துக்கும் இதே தகுதி வேண்டும். பட்டம் வழங்கும் எந்தப் பந்தயத்துக்கும், ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு டயருக்கும் உரிய கெழு, ஒவ்வொரு வண்டியின் எடை, காற்றுத்தடை ஆகியவை விதிப்புத்தகத்தின் இணைப்பாக முன்கூட்டியே வெளியாக வேண்டும். வெளியான பின் பந்தயம் முடியும்வரை அவை உறைநிலையில் இருக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட வண்டிகள் அனைத்தும் எல்லாப் போட்டியாளருக்கும் திறந்திருக்க வேண்டும். வெளியிட்டால் எல்லாரும் கணக்குப் போடத் தொடங்கி விளையாட்டின் சுவை கெடும் என்பார்கள். கணக்கு ஏற்கனவே போடப்படுகிறது. இப்போது அதைப் போடுபவர்கள் ஓய்வும் தொடர்பும் உள்ள சிலர் மட்டுமே.

விளையாட்டியலும் ஊடக ஆய்வும் மொழியியலும் பயில்வோர் இதை மிதிவண்டிக்காரர்களின் சில்லறைத் தகராறு என்று ஒதுக்கிவிடக் கூடாது. எண்ணால் ஒரு நிலத்தை எழுதி, அதன்மேல் நிறம் பூசி, இயற்கை என்று பெயரிட்டுவிட்டால், அதன் விதிகளை எவரும் கேள்வி கேட்பதில்லை. மண் என்ற சொல் அந்தக் கேள்வியைத் தடுக்கும் திரையாக நிற்கிறது. காட்டுப்பாதையில் பின்தங்கிய வீரர் தன் வண்டியைத் தவறாகத் தேர்ந்ததாக எண்ணித் தன்னையே நொந்துகொள்கிறார். பந்தயத்துக்கு முன் அவர் கையில் தரப்பட்டிருக்க வேண்டிய தாள் ஒன்று உண்டு. அது தரப்படும்வரை அந்தத் தவற்றின் கணக்கை அவர் பெயரில் மட்டும் எழுதுவது நேர்மையாகாது.