பேரிங் தபாலும் பிளாக் பொத்தானும்

ஜிமெயிலில் ஒரு முகவரியை 'பிளாக்' செய்வதால் அங்கிருந்து மின்னஞ்சல் வருவது நிற்காது. இன்பாக்ஸில் விழுந்தது இனி ஸ்பேம் பெட்டியில் விழும். 30 நாள் கிடந்து தானாக அழியும். அனுப்பியவருக்கு இது தெரியவே தெரியாது. செய்முறை எளிது: மின்னஞ்சலைத் திறந்து, மேலே வலப்பக்கம் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டு, 'பிளாக்' என்பதைத் தேர்ந்தால் போதும். ஸ்பேமிலும் அதன் முகத்தில் விழிக்க விரும்பாதவர், கணினியில் 'ஃபில்டர்' அமைத்து வந்தவுடன் நீக்கச் சொல்லலாம்.

இந்தப் பொத்தானின் தேவை எப்படி வருகிறது என்று பாருங்கள். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலின் அமாவாசை ஊஞ்சல் உற்சவம் நள்ளிரவில் நடப்பது. அதற்கு வரும் வெளியூர்க்காரர் செஞ்சியிலோ திருவண்ணாமலையிலோ ஓர் இரவுக்கு இணையத்தில் அறை பதிவு செய்கிறார். அங்காளம்மனைக் கும்பிட்டு ஊர் திரும்பியதுமே கோவா தள்ளுபடி, மணாலி தள்ளுபடி என்று மின்னஞ்சல் தொடங்கிவிடுகிறது. அவர் நேர்ந்துகொண்டது ஓர் அமாவாசை. விளம்பரக்காரருக்கோ தினமும் அமாவாசை. ஒரு முகவரியை அடைத்தால் அதே நிறுவனம் வேறொரு முகவரியில் வந்து நிற்கும்.

தபால்துறை என்றோ தீர்த்துவைத்த வழக்கு இது. 1854-இல் இந்தியா முழுவதற்கும் ஒரே சீரான கட்டணம் வந்தபோது, தபால்தலை ஒட்டாத கடிதத்துக்கு இருமடங்கு வசூலித்தார்கள். அதுதான் பேரிங் தபால். பெறுபவர் காசு கொடுத்து வாங்கலாம். பிடிக்காவிட்டால் பிரிக்காமலே தபால்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாம். அப்படித் திரும்பியதற்கான கட்டணத்தை அனுப்பியவரே கட்ட வேண்டும் என்று 1898-ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டத்தின் 11-வது பிரிவு சொன்னது. வேண்டாம் என்ற ஒரு சொல் அனுப்பியவரின் மடியில் கைவைத்தது. (வக்கீல் நோட்டீஸுக்கு இந்தச் சலுகை கிடையாது. பதிவுத் தபாலை வாங்க மறுத்தாலும் சேர்ந்ததாகவே நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்கின்றன.) அந்த அஞ்சலகச் சட்டம் 2024 ஜூன் 18-இல் நீக்கப்பட்டு, 2023-ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது.

மின்னஞ்சலில் அனுப்புகிறவருக்குச் செலவே இல்லை. கோளாறின் வேர் அங்கே. 1978 மே 3-இல் அமெரிக்காவில் கேரி தூர்க் என்ற கணினி விற்பனையாளர் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பியபோதே அது வெளிப்பட்டது. இந்தியாவில் தொல்லை தரும் மின்னஞ்சலையும் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, பேச்சுரிமையைப் பறிக்கும் அளவுக்கு அகலமாக இருந்ததால், 2015 மார்ச் 24-இல் உச்ச நீதிமன்றத்தில் ரத்தானது. ரத்தானது சரிதான், தொல்லைக்கு அதைவிடச் சிறிய மருந்து போதும்.

அந்த மருந்து 2024 பிப்ரவரியில் ஜிமெயிலின் விதியாகப் பாதியளவு வந்தது. ஒரு நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000-க்கு மேல் மின்னஞ்சல் அனுப்புவோர், விளம்பரத்திலிருந்து விலக ஒரே சொடுக்கில் வழி தர வேண்டும்; ஸ்பேம் புகார் 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது. எட்டினால் அவர்களுடைய மற்ற மின்னஞ்சல்களும் இன்பாக்ஸைச் சேர்வது கடினமாகும். ஆகவே, விடாமல் துரத்தும் விளம்பரத்துக்குப் பிளாக்கைவிட 'ஸ்பேம் எனப் புகாரளி' என்ற பொத்தானே மேல். ஆயிரத்துக்கு மூன்று பேர் அழுத்தினால் போதும்.