ஒரு நிமிடம் கிடைக்கிறது, அது அறைவதற்கா?

பளார்!

பந்து பலகையில் பட்ட சத்தம் என்றுதான் முதலில் நினைத்தோம். இல்லை! ஒரு பையன் கன்னத்தில் விழுந்த அறை அது!

சென்னையில் ஒரு மைதானம். மாலை ஆறு மணி. இரண்டு பள்ளிக்கூட அணிகளுக்குள் கூடைப்பந்து ஆட்டம். ஆறு பாயிண்ட் பின்தங்கிய அணியின் கோச் "டைம் அவுட்" கேட்டார். வியர்வை சொட்டச் சொட்ட ஐந்து பையன்களும் ஓடி வந்தார்கள். சற்று முன் பந்தை எதிர் அணிக்காரன் கையில் பாஸ் செய்துவிட்ட பையனுக்கு 13 வயது இருக்கும்.

"கண்ணு எங்கடா வெச்சிருக்கே, எருமை!" என்றார் கோச். அடுத்த விநாடி அறை விழுந்தது. மீதி நேரம் முழுக்க வசவு.

இனி யார் யாரைக் காக்க வேண்டும்? பந்தை யாரிடம் கொடுக்க வேண்டும்? ஒரு வார்த்தை கிடையாது! விசில் ஊதியது. பையன் கன்னத்தைத் தடவிக்கொண்டே உள்ளே போனான். அதன் பிறகு பந்து தன் பக்கம் வந்தாலே ஒதுங்கி ஒதுங்கி நின்றான். அணி தோற்றது.

வேடிக்கை பார்த்த பெற்றோர் என்ன செய்தார்கள்? "அடிச்சாத்தான் சார் புள்ளைங்க உருப்படும்" என்றார் நம் பக்கத்தில் இருந்தவர்!

ஐந்தே நிமிடம்!

சர்வதேச விதிப்படி டைம் அவுட் என்பது ஒரு நிமிடம். முதல் பாதியில் 2, இரண்டாம் பாதியில் 3. ஆக, ஆட்டத்தை நிறுத்திப் பிள்ளைகளிடம் பேச கோச் கேட்டு வாங்கக்கூடியது மொத்தமே ஐந்து நிமிடம். அதில் ஒன்றை அறைவதற்குச் செலவு செய்தால் நஷ்டம் யாருக்கு?

இந்த விளையாட்டு பிறந்த கதையைக் கேளுங்கள். 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு ஊரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. அங்கே ஒரு வகுப்பு யாருக்கும் அடங்கவில்லை. அதை ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் தலையில் கட்டினார்கள். அவர் பிரம்பை எடுத்தாரா? பீச் பழக் கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டினார். 13 விதிகள் எழுதினார். கூடைப்பந்து பிறந்தது! முரட்டுப் பிள்ளைகளை அடிக்காமல் வழிக்குக் கொண்டு வந்த விளையாட்டு இது.

அதே ஒய்.எம்.சி.ஏ. 1920-ல் நம் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கியது. தொடங்கியவர் ஹாரி குரோ பக். நந்தனத்தில் இன்றும் இருக்கிறது அந்தக் கல்லூரி. நூறு வருஷத்துக்கு மேலாக பி.டி. மாஸ்டர்களை உருவாக்கி அனுப்பும் ஊரில்தான் இந்த அறையும் விழுகிறது!

கணக்கு எடுத்தார்கள்!

"திட்டாமல் ஜெயிக்க முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக அணிக்கு ஜான் வுடன் என்பவர் கோச்சாக இருந்தார். 1964 முதல் 1975 வரை 12 வருஷத்தில் 10 முறை தேசிய சாம்பியன்! இடையில் ஒரு கட்டத்தில் தொடர்ந்து 88 ஆட்டம் தோற்கவே இல்லை!

அவருடைய கடைசி சீசனில் இரண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் மைதானத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பயிற்சியில் அவர் சொன்னது, செய்தது ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார்கள். மொத்தம் 2,326. அதில் திட்டு எத்தனை? நூற்றுக்கு ஏழுகூட இல்லை. சரி, புகழ்ச்சியாவது நிறைய இருந்ததா? அதுவும் ஏழுக்குள்தான்! மற்றதில் பெரும்பகுதி "இப்படிப் பிடி, அங்கே நில், சீக்கிரம் திரும்பு" என்ற பாடம்!

தப்பு செய்தவனை அவர் எப்படித் திருத்தினார்? முதலில் சரியானதைச் செய்து காட்டுவார். பிறகு அவன் செய்த தப்பைச் செய்து காட்டுவார். மறுபடி சரியானதைக் காட்டுவார். சில விநாடியில் முடிந்துவிடும். ஒவ்வொரு வருஷமும் முதல் நாள் பயிற்சியில் காலுறை போடக் கற்றுக்கொடுப்பார். காலுறையில் மடிப்பு விழுந்தால் காலில் கொப்புளம் வரும். கொப்புளம் வந்தால் ஓட முடியாது! கூடை போட்டவன், பாஸ் கொடுத்தவனைப் பார்த்துத் தலையசைக்க வேண்டும் என்பதும் அவர் போட்ட சட்டம்.

மனுஷர் மகா கண்டிப்பு. ஆனால் கண்டிப்பு வேறு, கை நீட்டுவது வேறு!

கோச் மட்டுமா குற்றவாளி?

அந்த கோச்சை மட்டும் கூண்டில் ஏற்றினால் போதாது. தற்காலிக வேலை, சொற்பச் சம்பளம், ஒரே ஆளுக்கு அறுபது பிள்ளைகள், தோற்றால் வேலை போகும் என்ற பயம் என்று பல பள்ளிகளில் இதுதான் கதை. கோப்பை மட்டும் கேட்கும் நிர்வாகமும், டிரில் பீரியடைக் கணக்குப் பாடத்துக்குப் பிடுங்கிக்கொள்ளும் பள்ளியும், வாய் மூடிப் பார்க்கும் பெற்றோரும் இதில் கூட்டாளிகள்தான்.

ஆனாலும் சட்டம் சட்டம்தான். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. வகுப்பறையில் குற்றமானது மைதானத்தில் மட்டும் வீரம் ஆகிவிடுமா?

சென்னையில் பிறந்த அனிதா பால்துரை இந்திய அணிக்குக் கேப்டனாக இருந்தார்; 2021-ல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். இன்னும் எத்தனை அனிதாக்கள் நம் தெருக்களில் பந்து தட்டிக்கொண்டிருக்கிறார்களோ! பயத்தில் பந்தை விட்டு ஓடினால் அவர்களை யார் கண்டுபிடிப்பது?

செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. பயிற்சி பெற்ற கோச்சை நிரந்தரமாக நியமிக்கட்டும். டிரில் பீரியடைத் தொடாமல் விடட்டும். கை நீட்டும் கோச்சிடம் பெற்றோர் அங்கேயே, அப்போதே கேள்வி கேட்கட்டும்.

இரண்டு நாள் கழித்து அதே மைதானத்துக்குப் போனோம். பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அந்தப் பையனைக் காணோம். கூட விளையாடும் பையனிடம் விசாரித்தோம்.

"இனிமே பந்தே தொட மாட்டேன்னுட்டான் சார்."

ஒரு ஆட்டத்தில் தோற்றால் அடுத்த ஆட்டம் இருக்கிறது. இந்தத் தோல்வியை எந்த ஆட்டத்தில் ஈடு கட்டுவது?